இங்கிலாந்துக் குடியானவர்கள் 1381-ல் ஏன் பத்திரங்களை எரித்தார்கள்?

கேள்வி இதுதான்: 1381-ல் இங்கிலாந்தில் நடந்த குடியானவர் கிளர்ச்சி, ஆளுக்கு இவ்வளவு என்று அரசு விதித்த தலைவரியால் திடீரென்று வெடித்ததா? அதுவரை பண்ணைப் பிரபுக்களுக்கு வாய்பொத்தி அடங்கிக் கிடந்தவர்கள்தானா அவர்கள்? போன இடமெல்லாம் பத்திரங்களைக் கொளுத்தினார்களே, அது எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்தின் குருட்டுக் கோபமா?

மூன்றுக்குமே என் பதில் இல்லை என்பதுதான். அதற்கான காரணம் லண்டனில் இருந்து முப்பது கிலோமீட்டர் போல வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில், ஒரு மடாலயத்தின் தரையில் கிடந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

செயின்ட் ஆல்பன்ஸ் ஊரும் சுற்றுக் கிராமங்களும் பெனடிக்ட் சபைத் துறவிகளின் பெரிய மடாலயத்துக்குச் சொந்தம். அங்கே மடாதிபதிதான் பிரபு. ஊரார் தங்கள் தானியத்தை மடாலயத்தின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கை ஆலைக்குக் கூலியாக விட வேண்டும். வீட்டில் திருகை வைத்து அரைத்தால் குற்றம். ஊரார் விடவில்லை. 1270-களிலேயே இதற்காக மடாலயத்தோடு வழக்காடினார்கள். 1327-ல் மடாலயத்தை முற்றுகையிட்டு, அப்போதைய மடாதிபதியிடம் உரிமைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அடுத்து வந்த மடாதிபதி வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட் அந்தப் பத்திரத்தைச் சில ஆண்டுகளில் திரும்பப் பறித்துவிட்டார். வீடு வீடாக இருந்த திருகைகளையும் ஒப்படைக்க வைத்தார். அந்தக் கற்களை மடாலயத்தில் துறவிகள் பேசும் கூடத்தின் தரையில் பாவினார். உங்கள் வீட்டுத் திருகைமேல் அவர்கள் நடப்பார்கள்.

இந்த ரிச்சர்ட் சாதாரண ஆள் இல்லை. இடைக்கால இங்கிலாந்தின் தலைசிறந்த வானியல் அறிஞர்களில் ஒருவர், கோள்களின் நிலையைக் காட்டும் பெரிய கடிகாரம் ஒன்றை வடிவமைத்தவர். தொழுநோயோடு போராடிக்கொண்டே மடாலயத்தை நடத்தினார். பிறப்பால் ஒரு கொல்லரின் மகன். பண்ணை முறை தனி மனிதரின் நல்ல குணத்தையோ கெட்ட குணத்தையோ பொறுத்தது அல்ல என்பதற்கு இவரைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். பட்டறையில் பிறந்த பிள்ளையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் திருகையைப் பிடுங்கினார். மடாலயத்தின் வருமானம் அப்படித்தான் அமைந்திருந்தது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1381 ஜூன் மாதம், ஊரார் மடாலயத்துக்குள் புகுந்து அந்தத் தரையைத் தோண்டினார்கள். கற்களை வெளியே எடுத்து உடைத்து, ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டு வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மந்திரித்த ரொட்டியைப் பங்கிடுவார்களே, அதுபோல இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார் அதே மடாலயத்தின் துறவியும் வரலாற்றாசிரியருமான தாமஸ் வால்சிங்ஹாம். கிளர்ச்சியாளர்களை மனதார வெறுத்தவர் அவர். அவர் எழுத்திலேயே இந்தக் காட்சி இப்படி விழுந்திருக்கிறது. அரை நூற்றாண்டு ஒரு ஊர் தன் கற்களை மறக்காமல் இருந்தது என்றால், தலைவரி மட்டுமே அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

சரி, இப்போது பண்ணை என்றால் என்ன என்று பார்ப்போம். இங்கிலாந்தில் அதன் பெயர் மேனர். ஒரு மேனர் ஒரு கிராமமாக இருக்கலாம், கிராமத்தில் பாதியாக இருக்கலாம், பல கிராமங்களில் சிதறியும் இருக்கலாம். அதன் பிரபு ஓர் உயர்குடிமகனோ, ஒரு சிறிய வீரனோ, அரசனோ, ஆயரோ, மடாலயமோ யாராகவும் இருக்கலாம். நிலத்தில் ஒரு பகுதியைப் பிரபு தன் நேரடிச் சாகுபடிக்கு வைத்துக்கொள்வார். மீதி குடியானவர்களின் கையில் இருக்கும். அந்தக் குடியானவர்களில் சிலர் சுதந்திரக் குடிகள், மற்றவர்கள் நம் பாடப்புத்தகங்கள் பண்ணையடிமை என்று சொல்பவர்கள். 1300 வாக்கில் நாட்டு மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்த இரண்டாம் வகை.

பண்ணையடிமையை ஆங்கிலச் சட்டமொழியில் அழைத்த சொல்லின் உச்சரிப்பு கிட்டத்தட்ட 'வில்லன்'. பண்ணையைக் குறிக்கும் வில்லா என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. பண்ணையில் வேலை செய்பவன் என்பதுதான் பொருள். மேட்டுக்குடியின் வாயில் அது கீழ்மகன் என்றாகி, பிறகு கெட்டவன் என்றாகி, கடைசியில் நம் சினிமா வில்லன் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. உழுதவனின் பெயர் கொடியவனின் பெயராக மாறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அடிமை என்று சொன்னாலும் சந்தையில் விற்கப்படும் அடிமை அல்ல. சொந்த வீடு, மாடு, கலப்பை, சுமார் முப்பது ஏக்கர் வரை நிலம்கூட இருக்கலாம். ஆனால் அதற்கு ஈடாக வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் கூடுதல் நாட்கள். தன் கதிர் வயலில் முற்றி நிற்கும்போது பிரபுவின் கதிரை முதலில் அறுக்க வேண்டும், அதற்குள் ஒரு மழை பெய்தால் தன் கதிர் போச்சு. அந்த நாட்களில் பிரபு சாப்பாடு போடுவது வழக்கம். எத்தனை ரொட்டி, பீர் உண்டா இல்லையா, கறியா மீனா என்பது வரை எழுதி வைத்திருந்தார்கள்.

வேலையைவிட மனதைச் சுட்டவை கட்டணங்கள் என்று நினைக்கிறேன். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம். கல்யாணத்துக்கு முன் ஒரு பெண் உறவு வைத்தாள் என்று தெரிந்தால் அதற்குத் தனி அபராதம். பண்ணையை விட்டு வெளியூரில் பிழைக்கப் போனால் ஆண்டுதோறும் தலைக்கட்டணம். அப்பன் செத்தால், அழுகை அடங்குவதற்குள் வீட்டில் இருக்கும் மாடுகளில் சிறந்தது பிரபுவின் தொழுவத்துக்குப் போய்விடும். மகன் அதே நிலத்தில் தொடர வேண்டுமானால் அதற்கு நுழைவுப் பணம் கட்ட வேண்டும். ஒரு குடும்பத்தின் கல்யாணம், காதல், சாவு எல்லாமே இன்னொருவரின் வரவுக் கணக்கில் ஒரு வரி.

இதில் யார் பண்ணையடிமை, யார் சுதந்திரக் குடி என்று எப்படிப் பிரித்தார்கள்? 13-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர்கள் ஒரு அளவுகோல் வைத்திருந்தார்கள்: நாளைக் காலை என்ன வேலை செய்யப்போகிறோம் என்று முந்தின நாள் மாலையில் தெரியாதவன் பண்ணையடிமை. பிரபு சொல்வதுதான் வேலை. இன்னொரு சோதனையும் உண்டு. உன் குடும்பம் எப்போதாவது மகள் கல்யாணத்துக்குப் பணம் கட்டியிருக்கிறதா? கட்டியிருந்தால் நீ அடிமை. பாட்டன் காலத்தில் பயந்தோ, தகராறு வேண்டாம் என்றோ கட்டிய சில பென்னிகள் பேரனின் கழுத்துக்கு நுகத்தடி ஆகிவிடும்.

அது பேரன் காலத்தில் எப்படித் தெரியும்? எழுதி வைத்திருந்தார்கள். பண்ணை நீதிமன்றத்தின் தோல் சுருள்கள் வருவது இங்கேதான்.

ஒவ்வொரு மேனருக்கும் ஒரு நீதிமன்றம் உண்டு. பிரபுவின் காரியஸ்தர் தலைமையில், வழக்கப்படி மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடும். பல ஊர்களில் அதைவிடக் குறைவாகவும் கூடியது. யார் வேலைக்கு வரவில்லை, யார் மாடு பிரபுவின் பயிரில் மேய்ந்தது, யார் வீட்டில் திருகை இருக்கிறது, யார் மகளுக்குக் கல்யாணம் என்று எல்லாம் அங்கே பேசப்படும். எழுத்தர் ஒருவர் ஆட்டுத்தோலில் லத்தீனில் எழுதுவார். 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் இருந்து இந்தச் சுருள்கள் நமக்குக் கிடைக்கின்றன. இன்று ஆயிரக்கணக்கில் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. இடைக்கால ஏழைகளைப் பற்றி உலகில் வேறு எங்கும் இந்த அளவு நுணுக்கமான பதிவு கிடைப்பது அரிது.

இந்த நீதிமன்றம் வெறும் ஒடுக்கும் கருவி மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொல்லும் நடுவர்கள் கிராமத்தார்தான். பண்ணையின் அன்றாட வேலைகளைப் பார்க்கும் மணியக்காரரைப் போன்ற ரீவ் என்பவரும் பெரும்பாலும் பண்ணையடிமைகளில் ஒருவர்தான். ஹன்டிங்டன்ஷயரில் ராம்சி மடாலயத்துக்குச் சொந்தமான எல்ட்டன் கிராமத்தில், 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மைக்கேல் என்ற ரீவைச் சிலர் கோயில் வளாகத்தில் வைத்துத் திட்டினார்கள். மடாலயத்துக்குச் செய்ய வேண்டிய வேலையை வைத்துத் தன் வைக்கோலையும் கதிரையும் வீடு சேர்த்துக்கொண்டான் என்பது குற்றச்சாட்டு. வழக்கு நடந்து, மைக்கேல்மீது தப்பில்லை என்று தீர்ந்தது. இப்படி ஊருக்குள் பொறாமையும் சண்டையும் இருந்தன, வசதியான குடியானவரும் கூலிக்காரரும் ஒன்றல்ல. நில எல்லைத் தகராறு வந்தால் பழைய சுருளைத் தேடிப் பார்க்கச் சொல்லி அதற்குப் பணமும் கட்டினார்கள். சுருளில் என்ன இருக்கிறது, அது எதற்கு உதவும், யாரை அழிக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதற்காக அதன் மதிப்புத் தெரியாது என்று முடிவு கட்டக் கூடாது.

வழக்கம் என்பதும் இரண்டு பக்கமும் வெட்டியது. 1300-ஐ ஒட்டி இங்கிலாந்தின் மக்கள்தொகை ஐம்பது லட்சத்துக்கு மேல் பெருகி, நிலத்துக்குப் பெரும் அடிதடி இருந்தபோது, வழக்கத்தில் உறைந்துபோன பண்ணையடிமையின் குத்தகை சந்தை விலையைவிடக் குறைவாக இருந்த இடங்களும் உண்டு. அதனால்தான் சில வரலாற்றாசிரியர்கள் பண்ணையடிமை முறை சொன்ன அளவுக்குக் கொடுமையில்லை என்று வாதிடுகிறார்கள். கணக்களவில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குத்தகை எவ்வளவு என்பது மட்டுமா பிரச்சினை? நாளை பிரபு கூட்டினால் கேட்க நாதியில்லை என்பதுதான் பிரச்சினை. ஏனென்றால் பண்ணையடிமை தன் பிரபுமீது அரசனின் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. அந்த நீதிமன்றம் இருந்த வெஸ்ட்மின்ஸ்டர் வரை நடந்து போனாலும், "இவன் என் அடிமை" என்று பிரபு ஒரு வார்த்தை சொல்லி நிரூபித்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

ஒரே ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. ஒரு ஊர் 1066-ல், நார்மன்கள் வருவதற்கு முன், அரசனின் நேரடி நிலமாக இருந்திருந்தால், அந்த ஊரின் குடியானவர்களுக்கு மட்டும் சில சட்டப் பாதுகாப்புகள் உண்டு. பிரபு இஷ்டத்துக்கு வேலையையோ குத்தகையையோ கூட்ட முடியாது, கூட்டினால் அரசனின் நீதிமன்றத்துக்குப் போகலாம். அது அரசனின் நிலமாக இருந்ததா என்று எங்கே பார்ப்பது? வெற்றிவீரன் வில்லியம் 1086-ல் நாட்டையே அளந்து எழுதவைத்த டூம்ஸ்டே ஏட்டில். குடியானவர்கள் கிராமம் கிராமமாகப் பணம் வசூலித்து, வழக்கறிஞர் வைத்து, இருநூறு முன்னூறு ஆண்டுப் பழைய ஏட்டைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். பெரும்பாலான வழக்குகளில் தோற்றார்கள். தோற்றாலும் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

பர்மிங்ஹாமுக்கு மேற்கே உள்ள ஹேல்ஸ்ஓவன் இதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் அரசன் அந்தப் பண்ணையை ஒரு மடாலயத்துக்குக் கொடுத்துவிட்டான். நாங்கள் அரசனின் குடிகளாக இருந்தபோது இருந்த வழக்கம்தான் இப்போதும் என்றார்கள் ஊரார். மடாலயம் ஒப்புக்கொள்ளவில்லை. பல பத்தாண்டுகள் இழுத்த சண்டைக்குப் பிறகு, 1286-ல் அரசனின் நீதிமன்றம் அவர்களை என்றென்றைக்கும் பண்ணையடிமைகள் என்று தீர்ப்பளித்தது.

செஷயரில் உள்ள வேல் ராயல் மடாலயத்தின் கதை இன்னும் உக்கிரமானது. முதலாம் எட்வர்டு நிறுவிய மடாலயம் அது. டார்ன்ஹால், ஓவர் என்ற இரண்டு ஊர்க் குடியானவர்கள் 1320-களின் இறுதியில் இருந்து அதனோடு மல்லுக்கு நின்றார்கள். 1336-ல் ஊரில் இருந்து ஆட்கள் அரசனையே தேடி மனுவோடு போனார்கள். பலமுறை பிடிபட்டும் ஓயவில்லை. அந்த ஆண்டு மடாதிபதி பீட்டர், ரட்லண்டு மாவட்டத்தின் வழியாகப் பயணம் செய்தபோது ஒரு கூட்டமாக வழிமறித்தார்கள். கைகலப்பில் மடாதிபதியின் குதிரைக்காரன் ஒருவன் செத்தான். கடைசியில் குடியானவர்கள்தான் பணிய வேண்டியிருந்தது. நமக்குத் தெரிந்த இந்தக் கதை முழுவதும் மடாலயத்தின் பதிவேட்டில் இருந்து வந்தது, அதில் அவர்களை மிருகங்கள் என்றே எழுதியிருக்கிறது. அரசனிடம் எதை நம்பிப் போனார்கள், வழியில் என்ன சாப்பிட்டார்கள், வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்பதை எழுத அங்கே யாரும் இல்லை.

ஆகவே 1381-க்கு முன் நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு வராமல் இருப்பது, தாமதமாக வருவது, கதிரை அலட்சியமாக அறுப்பது, கட்டணத்தை ஏமாற்றுவது, ஊராகச் சேர்ந்து வழக்குப் போடுவது என்று அதற்குப் பல வடிவங்கள். கத்தியும் வில்லும் கடைசியில்தான் வந்தன.

அப்புறம் கொள்ளைநோய். 1348-49-ல் கறுப்புச் சாவு இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதி வரை கொண்டுபோனது. உயிர்தப்பியவர்கள் அளவில்லாமல் துயரப்பட்டார்கள், ஆனால் அவர்கள் உழைப்பின் விலை ஏறியது. நிலம் காலியாகக் கிடந்தது, அறுக்க ஆள் இல்லை. பக்கத்து ஊரில் கூலி அதிகம் என்றால் கிளம்பிப் போனார்கள். ஆள்வோர் உடனே சட்டம் போட்டார்கள். 1349-ல் ஓர் அவசரச் சட்டம், 1351-ல் நாடாளுமன்றத்தின் தொழிலாளர் சட்டம். கூலி கொள்ளைநோய்க்கு முந்தைய அளவைத் தாண்டக் கூடாது, கொடுத்த வேலையை மறுக்கக் கூடாது, ஒப்பந்தத்தை விட்டு ஓடக் கூடாது. ஆகஸ்டு முதல் வாரம் கதிர் அறுப்புக்கு நாளுக்கு 2 பென்னி, இரண்டாம் வாரம் 3 பென்னி என்று நாடாளுமன்றம் உட்கார்ந்து நிர்ணயித்தது. மீறியவர்களைத் தண்டிக்கத் தனி நீதிபதிகள் வந்தார்கள். அவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பக்கத்து நிலக்கிழார்கள். தன் வயலில் கூலி கேட்டவனைத் தானே நீதிபதியாக உட்கார்ந்து தண்டிக்கலாம் என்ற நிலை.

பிரபுக்கள் பழைய கட்டணங்களையும் விடாமல் பிடித்தார்கள். சந்தையின் பலம் குடியானவர் பக்கம் சாய்ந்திருந்தது, சட்டத்தின் பலம் முழுவதும் பிரபு பக்கம். சந்தையில் கைக்கு எட்டியது சட்டத்தால் வாய்க்கு எட்டாமல் போனது. அந்த முப்பது ஆண்டு ஆத்திரம்தான் 1381-ன் அடுப்பு என்று நான் நம்புகிறேன். தலைவரி அதில் விழுந்த தீப்பொறி.

1377-ல் இன்னொரு சம்பவம் நடந்தது, பள்ளிப் பாடங்களில் வராதது. வில்ட்ஷயர், ஹாம்ப்ஷயர், சர்ரே, டெவன் முதலான தென்பகுதி மாவட்டங்களில் சுமார் நாற்பது கிராமங்கள் ஒரே சமயத்தில் டூம்ஸ்டே ஏட்டின் நகல்களை வாங்கி, இதன்படி எங்களுக்குக் கட்டாய வேலை கிடையாது என்று கையை விரித்தன. நிலவுடைமையாளர்கள் நாடாளுமன்றத்தில் அலறினார்கள். இவர்கள் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டு பெரும் நிதி திரட்டியிருக்கிறார்கள், வயலில் கதிர் அறுப்பாரின்றிக் கிடக்கிறது, பிரான்ஸில் குடியானவர் கிளர்ச்சி நடந்ததுபோல இங்கும் நடந்துவிடும் என்று மனுக் கொடுத்தார்கள். அந்த நகல்களால் பயன் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. நான்கே ஆண்டுகள் கழித்து அவர்கள் பயந்தது நடந்தது.

தலைவரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்ஸோடு நடந்த நீண்ட போருக்குப் பணம் வேண்டும். 1377-ல் தலைக்கு 4 பென்னி. 1379-ல் அந்தஸ்துக்கு ஏற்றபடி. 1380 நவம்பரில் நார்த்தாம்ப்டனில் கூடிய நாடாளுமன்றம் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 12 பென்னி என்று விதித்தது. மக்கள் வேறு வழி பார்த்தார்கள். 1377-ல் சுமார் பதின்மூன்றரை லட்சம் பேர் வரி கட்டியதாகக் கணக்கு, 1381-ல் ஒன்பது லட்சம்தான். நான்கரை லட்சம் பேர் ஏட்டில் இருந்து காணாமல் போனார்கள். அரசு ஆள் அனுப்பி வீடு வீடாகத் தேடச் சொன்னது.

மே 30 அன்று எசெக்ஸில் பிரென்ட்வுட் என்ற ஊரில், விசாரிக்க வந்த அதிகாரியை ஃபாபிங் முதலிய கடலோரக் கிராமத்தார் விரட்டியடித்தார்கள். சில நாளில் கென்ட் மாவட்டமும் எழுந்தது. அங்கே முதல் பொறிகளில் ஒன்று ஒரு தனி மனிதனின் வழக்கு. கிரேவ்சென்ட் ஊரில் வாழ்ந்த ராபர்ட் பெல்லிங் என்பவனை, அரசனுக்கு நெருக்கமான சைமன் பர்லி என்ற பெரிய மனிதர் தன் ஓடிப்போன பண்ணையடிமை என்று உரிமை கொண்டாடினார். விடுதலைக்கு 300 பவுண்டு கேட்டார். ஒரு உழைப்பாளி பல தலைமுறை உழைத்தாலும் காண முடியாத தொகை. பெல்லிங்கை ராச்செஸ்டர் கோட்டையில் அடைத்தார்கள். கூட்டம் போய்க் கோட்டையைத் திறந்து அவனை மீட்டது. வரியும் அடிமைத்தனமும் ஒரே கயிற்றின் இரண்டு புரி என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது.

ஜூன் 13 அன்று வாட் டைலர் தலைமையில் கென்ட் கூட்டமும், எசெக்ஸ் கூட்டமும் லண்டனுக்குள் புகுந்தன. அரசனின் சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட்டின் சவாய் அரண்மனை எரிந்தது. சட்டம் படிப்போர் இருந்த டெம்பிளில் ஆவணங்கள் எரிந்தன. மறுநாள் லண்டன் மதிலுக்கு வெளியே மைல் எண்ட் என்ற இடத்தில் பதினான்கு வயது அரசன் இரண்டாம் ரிச்சர்ட் அவர்களைச் சந்தித்தான். பண்ணையடிமைத்தனம் ஒழிய வேண்டும், ஏக்கருக்கு 4 பென்னிக்கு மேல் குத்தகை கூடாது என்று கேட்டார்கள். அரசன் ஒப்புக்கொண்டான். அதன் பிறகு அந்த மக்கள் என்ன செய்தார்கள்? அதை எழுதித் தரச் சொன்னார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்தர்கள் உட்கார்ந்து விடுதலைப் பத்திரங்களை எழுதிக் குவித்தார்கள். எசெக்ஸ்காரர்கள் பலர் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். எழுத்தையே வெறுத்த கூட்டம் எழுத்துக்காகக் காத்திருக்குமா?

அதே நாளில் கான்டர்பரி பேராயரும் தலைமை அமைச்சருமான சைமன் சட்பரியின் தலையும், கருவூலத் தலைவர் ராபர்ட் ஹேல்ஸின் தலையும் டவர் ஹில்லில் வெட்டப்பட்டன. லண்டனில் பிழைக்க வந்திருந்த ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்களும் வணிகர்களும் தெருவில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எந்தப் பண்ணைக்கும் பிரபு அல்ல. இந்தக் கிளர்ச்சியை நேசிப்பவர்கள் அந்த ரத்தத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஜூன் 15, லண்டன் மதிலை ஒட்டிய ஸ்மித்ஃபீல்டு திடல். அரசனோடு மறுபடி பேச்சு. அங்கே டைலர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, வின்செஸ்டர் சட்டத்தைத் தவிர வேறு சட்டம் வேண்டாம் என்பது. 1285-ல் வின்செஸ்டரில் போட்ட ஊர்க்காவல் சட்டத்தைச் சொல்கிறார் என்பார்கள் சிலர். டூம்ஸ்டே ஏடு முதலில் வின்செஸ்டரில் இருந்ததால் அதைத்தான் சொல்கிறார் என்பார்கள் வேறு சிலர். நூறு ஆண்டு வழக்குகளைப் பார்த்த பிறகு என் மனம் இரண்டாவது பக்கமே சாய்கிறது. பேச்சுவார்த்தை நடக்கும்போதே லண்டன் மேயர் வில்லியம் வால்வொர்த்தும் அரசனின் ஆட்களும் டைலரை வெட்டி வீழ்த்தினார்கள்.

அதே நாட்களில் கேம்பிரிட்ஜ் சந்தையில் பல்கலைக்கழக ஆவணங்கள் எரிந்துகொண்டிருந்தன. மார்ஜரி ஸ்டார் என்ற மூதாட்டி சாம்பலை அள்ளிக் காற்றில் தூவி, எழுத்தர்களின் கல்வி ஒழியட்டும் என்று கத்தினாள் என்று பதிவு இருக்கிறது. எழுத்தறிவின்மையின் வெறி என்று சொல்பவர்கள் காட்டும் சாட்சி பெரும்பாலும் இவள்தான். எசெக்ஸ் முதல் நார்ஃபோக் வரை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பண்ணைச் சுருள்கள் எரிக்கப்பட்டன. ஆனால் கவனியுங்கள், பல ஊர்களில் வீட்டைக் கொளுத்தவில்லை, சுருள்களை வெளியே கொண்டுவரச் சொல்லி அவற்றை மட்டும் கொளுத்தினார்கள். அந்தத் தோல்களில்தான் பாட்டி கட்டிய கல்யாணப் பணமும், தாத்தா செய்த கட்டாய வேலையும் எழுதியிருந்தன. நீ அடிமை என்பதற்கு முக்கியமான சாட்சி அவைதான். அவர்கள் எரித்தது சாட்சியத்தை.

மீண்டும் செயின்ட் ஆல்பன்ஸுக்கு வருவோம். அங்கே தலைவன் வில்லியம் கிரிண்ட்காப். மைல் எண்ட் செய்தி வந்ததும் அவர்கள் லண்டன் போய், பத்திரங்களை ஊராரிடம் கொடுக்கும்படி மடாதிபதிக்கு அரசன் எழுதிய கடிதத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். மடாலயச் சிறையைத் திறந்தார்கள். உள்ளே இருந்த ஒருவனை மட்டும் தாங்களே தலையை வெட்டினார்கள். மடாலயத்தின் வேட்டைக் காட்டுக்குப் போய் ஒரு முயலை உயிரோடு பிடித்து, ஊர் நடுவில் தண்டனைக் கட்டையில் கட்டினார்கள். இனி இந்த முயல் எங்களுக்கும் உண்டு என்பது அதன் பொருள். அப்புறம்தான் அந்தத் திருகைக்கற்கள்.

அத்தோடு நிற்கவில்லை. மடாதிபதி தாமஸ் டி லா மேரிடம் அவர்கள் ஒரு பழைய பத்திரத்தைக் கேட்டார்கள். 8-ஆம் நூற்றாண்டில் மடாலயத்தை நிறுவிய ஆஃபா அரசன் ஊராருக்குச் சுதந்திரம் கொடுத்து எழுதியது. அதன் தலைப்பெழுத்துகளில் ஒன்று நீலம், ஒன்று பொன் நிறம் என்றார்கள். அப்படி ஒன்றை நான் கண்டதும் இல்லை கேட்டதும் இல்லை என்றார் மடாதிபதி. அப்படி ஒரு பத்திரம் இருந்ததே இல்லை என்றுதான் வரலாற்றாசிரியர்களும் சொல்வார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக அடுப்பங்கரையில் பேசிப் பேசி, பார்த்திராத ஒரு காகிதத்தின் நிறம் வரை மனதில் எழுதி வைத்திருந்தார்கள் என்பது எனக்கு நெஞ்சை அடைக்கிறது. தங்களை அடிமை என்று சொல்லும் காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள், தங்களைச் சுதந்திரர் என்று சொல்லும் காகிதமும் எங்கோ இருக்கத்தான் வேண்டும் என்று நம்பினார்கள்.

வாக்குறுதிகள் மூன்று வாரம்கூட நிற்கவில்லை. ஜூன் கடைசியில் எசெக்ஸ் தூதர்களிடம், நீங்கள் அடிமைகளாகவே இருந்தீர்கள், இன்னும் கீழான அடிமைகளாக இருப்பீர்கள் என்ற பொருளில் அரசன் பேசியதாக வால்சிங்ஹாம் எழுதுகிறார். ஜூலை 2 அன்று செல்ம்ஸ்ஃபோர்டில் விடுதலைப் பத்திரங்கள் எல்லாம் ரத்து. கிரிண்ட்காப் பிடிபட்டான். ஊராரைப் பணியச் சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்று அவனை ஊருக்கு அனுப்பினார்கள். அவன் ஊரார் முன் நின்று, எனக்காகப் பின்வாங்காதீர்கள், நேற்றே என்னைக் கொன்றுவிட்டதாக நினைத்து உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுச் சிறைக்குத் திரும்பினான். உள்ளூர் நடுவர் குழு யாரையும் காட்டிக்கொடுக்க முதலில் மறுத்தது. தலைமை நீதிபதி ராபர்ட் டிரசிலியன் விடவில்லை. ஜூலை 15 அன்று, ஆதாமும் ஏவாளும் உழுது நூற்றபோது பிரபு எவன் என்று கேட்டுப் பேசிய ஜான் பால் என்ற பாதிரியாரும், கிரிண்ட்காப்பும், அவனுடைய தோழர்களும் செயின்ட் ஆல்பன்ஸில் கொல்லப்பட்டார்கள். ஊரார் உடல்களை இறக்கிப் புதைத்தபோது, அவற்றைத் தோண்டி எடுத்து இரும்புச் சங்கிலியில் மறுபடி தொங்கவிடும்படி அதே ஊராருக்கு ஆணை வந்தது. அழுகிய உடல்களைத் தங்கள் கையாலேயே தொங்கவிட்டார்கள்.

நவம்பரில் நாடாளுமன்றம் கூடியது. பண்ணையடிமை முறையை ஒழிக்க உங்களுக்குச் சம்மதமா என்று புதிய கருவூலத் தலைவர் கேட்டார். எல்லோரும் ஒரே நாளில் சாக நேர்ந்தாலும் சம்மதிக்க மாட்டோம் என்று பதில் வந்தது.

அப்படியானால் கிளர்ச்சி தோற்றதா? சட்டப்படி, ஆமாம். பண்ணையடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இங்கிலாந்தில் வரவே இல்லை. ஆனால் ஆள் பற்றாக்குறை நீடித்தது. கசக்கினால் குடியானவன் இரவோடு இரவாக மூட்டை கட்டி அடுத்த பண்ணைக்குப் போய்விடுவான், அங்கே யாரும் கேள்வி கேட்காமல் நிலம் கொடுப்பார்கள். பிரபுக்கள் நேரடிச் சாகுபடியைக் கைவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள், கட்டாய வேலை பணக் குத்தகையாக மாறியது. 15-ஆம் நூற்றாண்டின் முடிவில் பண்ணையடிமைகள் சிறுபான்மை. கிளர்ச்சியா, கொள்ளைநோயா, எது அவர்களை விடுவித்தது என்று கேட்டால் கொள்ளைநோயின் பங்கே பெரிது என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் கிழக்கு ஐரோப்பாவின் பல பகுதிகளில் ஆள் பற்றாக்குறை பிற்காலத்தில் அடிமைத்தனத்தை இறுக்கவும் செய்தது. இங்கிலாந்தில் அப்படி இறுக்க முடியாமல் போனதற்கு, ஊர் ஊராக விடாமல் எதிர்த்து நின்றவர்கள் ஒரு காரணம்.

எஞ்சியவர்களின் நிலை மெதுவாகத்தான் தீர்ந்தது. 1549-ல் நார்ஃபோக்கில் ராபர்ட் கெட் என்பவர் தலைமையில் எழுந்தவர்கள் எல்லா அடிமைகளும் விடுதலையாக வேண்டும் என்று கேட்டார்கள், அப்போதும் அடிமைகள் இருந்தார்கள். 1574-ல் முதலாம் எலிசபெத் அரச பண்ணைகளில் எஞ்சியிருந்தவர்களை, பணம் வாங்கிக்கொண்டு விடுவிக்க ஆணையிட்டார்.

அந்தத் தோல் சுருள் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நிலம் கைமாறும்போது பண்ணை நீதிமன்றச் சுருளில் எழுதிய பதிவின் நகல் ஒன்றைக் குடியானவர் கையில் கொடுக்கும் வழக்கம் பரவியது. பண்ணையடிமையின் நிலவுரிமைக்கு நகல் உரிமை என்று புதுப் பெயர் வந்தது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்து, அந்த நகலைக் காட்டியவனின் வழக்கை அரசனின் நீதிமன்றங்களும் எடுக்கத் தொடங்கின. தாத்தாவை அடிமை என்று சொன்ன அதே சுருளின் ஒரு துண்டைப் பேரன் பெட்டியில் பூட்டி வைத்து, இது என் நிலம் என்றான். சாவின்போது சிறந்த மாட்டைக் கொடுக்கும் கடமைகூடச் சில இடங்களில் அந்த நகலோடு ஒட்டிக்கொண்டே வந்தது. இந்த நகல் உரிமை சட்டத்தில் இருந்து நீங்கியது 1926 ஜனவரி 1 அன்று.